ஆளுக்கு வீடா, அடுப்புக்கு வீடா?

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6.24 கோடிப் பேர் இருந்தார்கள். 2011இல் 7.21 கோடிப் பேர். அதாவது 10 ஆண்டுகளில் 15.6 சதவீதம் கூடியிருக்கிறது. அதே 10 ஆண்டுகளில் குடும்பங்களின் எண்ணிக்கை 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாக ஏறியது. அது 30 சதவீதத்துக்கும் மேல். மக்கள் கூடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் குடும்பங்கள் கூடியிருக்கின்றன.

'பிள்ளை பெறுவதே குறைந்துவிட்டது, பிறகு ஏன் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது? ஊரைச் சுற்றி வயலெல்லாம் ஏன் மனையாகிறது?' என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு கணக்குகளைத்தான். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்னமும் 2011ஐ வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஆனாலும் விஷயம் புரிவதற்கு இது போதும்.

முதலில், கணக்கெடுப்பில் குடும்பம் என்று யாரைச் சொல்கிறார்கள்? சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவு கட்டாயம் இல்லை. ஒரே அறையில் தங்கிச் சேர்ந்து சமைக்கும் மூன்று நண்பர்கள் கணக்கில் ஒரு குடும்பம். கீழ்த்தளத்தில் அண்ணன், மாடியில் தம்பி, சமையல் தனித்தனி என்றால் இரண்டு குடும்பங்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிறதா, பொங்கலுக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. அடுப்புதான் அளவுகோல். ரேஷன் கார்டு பிரிக்கப் போனாலும் தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 2001இல் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 4.4 பேர். 2011இல் 3.9 பேர். பார்வைக்கு அரை ஆள்தான் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 4.4 அப்படியே நின்றிருந்தால் 2011இன் மக்கள்தொகைக்கு 1.64 கோடி வீடுகள் போதும். அளவு சுருங்கியதால் மட்டும் கூடுதலாக 21 லட்சம் குடும்பங்கள் உருவாகியிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த 43 லட்சம் குடும்பங்களில் கிட்டத்தட்ட பாதி, ஆட்கள் கூடியதால் வந்தது இல்லை. இருந்தவர்கள் பிரிந்து தனித்தனியாகச் சமைக்கத் தொடங்கியதாலும் வீட்டுக்குள் ஆள் குறைந்ததாலும் வந்தது.

இந்தச் சுருக்கத்துக்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் காரணம், 'கூட்டுக்குடும்பம் உடைந்துபோச்சு, மருமகள்களுக்குப் பொறுமை இல்லை.' எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிறப்பு விகிதமே பெரிய காரணம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான குழந்தைகள்தான் பிறக்கிறார்கள். நான்கு பிள்ளைகள் இருந்த இடத்தில் இரண்டு அல்லது ஒன்று என்றானபோது, எந்தச் சண்டையும் இல்லாமலே குடும்பம் சிறிதாகிவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. 1970களிலும் 80களிலும் பிறந்தவர்கள் பெரிய எண்ணிக்கையில் 2000க்குப் பிறகு கல்யாண வயதுக்கு வந்தார்கள். குழந்தைக்குத் தனி வீடு தேவையில்லை. கல்யாணமான 28 வயதுக்காரருக்குத் தேவை. மக்கள்தொகை கூடாமல் நின்றால்கூட, அதில் பெரியவர்களின் பங்கு ஏறினால் வீட்டுத் தேவை ஏறும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைகிற அதே ஊரில் வீட்டுக்கு அடிதடியாக இருப்பது இதனால்தான்.

இதற்கு மேல்தான் பணம் வருகிறது. பொதுவாக, கையில் காசு வந்தால் அடுப்பு பிரியும். காசு முடங்கினால் அடுப்புகள் சேரும். 2020இல் ஊரடங்கு வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். சென்னையில் தெருவுக்குத் தெரு 'வீடு வாடகைக்கு' பலகை தொங்கியது. வேலை போனவர்களும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லப்பட்டவர்களும் சொந்த ஊருக்குப் போய் அப்பா அம்மா வீட்டில் சேர்ந்துகொண்டார்கள். தனியாக இருந்த அடுப்புகள் சில மாதங்களில் மூடின. வேலை திரும்பியதும் மறுபடி பிரிந்தன, வாடகையும் மறுபடி ஏறியது.

ஆனால் அடுப்பு பிரிகிற வேகத்துக்கு வீடு பிரியாது. செங்கல்லும் சிமென்ட்டும் 50, 60 வருடம் அப்படியே நிற்கும். குடும்பம் 10 வருடத்தில் ஆளே மாறிப்போகும். இந்த இரண்டு வேகங்களும் ஒத்துப்போகாததில்தான் வீடு சம்பந்தப்பட்ட பெரும்பாலான துன்பங்கள் பிறக்கின்றன என்பது என் எண்ணம். இதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய, கண்முன் நிற்கும் சாட்சி செட்டிநாடு.

செட்டிநாட்டு வீட்டின் கதை

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் போனவர்கள் அந்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பலரும் இதைப் பணக்காரர்களின் ஆடம்பரம் என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். குடும்ப அமைப்புக்கு ஏற்ப ஒரு வீட்டை எவ்வளவு யோசித்துக் கட்டலாம் என்பதற்கும் அது பாடம்.

அந்த வீட்டில் வளவை, அதாவது உள்முற்றப் பகுதியை, சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஒரு பங்கு. மருமகள் கொண்டுவந்த சீர்வரிசைப் பாத்திரங்களும் நகையும் அந்த அறைக்குள் பூட்டி வைக்கப்படும், அது அவளுடையது. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் வழக்கம். வீடு அதேதான், ஆனால் அடுப்பு தனி, வரவு செலவு தனி. கோயில் வரியும் திருமணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று எண்ணித்தான் வாங்கினார்கள். நாம் கூட்டுக்குடும்பம் என்று கற்பனை செய்வது எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை. அங்கே இருந்தது ஒரே கூரையின் கீழ் பல அடுப்புகள். அடுப்பு பிரிவதற்கான இடத்தை, வீட்டைக் கட்டும்போதே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு இது இன்றைய எந்தக் கட்டட வரைபடத்தையும்விட மதிப்புக்குரியதாகப் படுகிறது.

இந்த ஏற்பாட்டைத் தாங்கியது பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடந்த வட்டித் தொழில். ஆண்கள் கடல் கடந்து சில ஆண்டுகள் கடையில் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வீட்டில் இருப்பார்கள். அத்தனை அறைகள் இருந்தும் ஒரே நேரத்தில் எல்லோரும் இருந்ததில்லை. கல்யாணம், காரியம் என்றால்தான் வீடு நிரம்பும்.

1930இல் உலகப் பொருளாதார நெருக்கடியில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. காகிதத்தில் பெரிய சொத்து, ஆனால் கையில் பணம் இல்லை. பர்மிய மக்களின் கோபமும் சேர்ந்துகொண்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் ஓடி வர வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பிறகு பர்மா நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. 1960களில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமை ஆயின. அங்கிருந்து வந்த பணம் நின்றுபோனது.

பணம் நின்றது, வீடு நின்றுகொண்டே இருந்தது. அடுத்த தலைமுறை படிப்புக்கும் தொழிலுக்கும் சென்னை, கோவை, மலேசியா, அமெரிக்கா என்று போனது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு 20, 30 பங்காளிகள் இருப்பது அங்கே சாதாரணம். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் காசு போட வேண்டும். விற்க வேண்டும் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் நடக்காத இடங்களில் வீடு மழையில் கரைந்தது. சில வீடுகள் இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. சில வீடுகள் ஓட்டல் ஆகியிருக்கின்றன. இன்னும் சில, பங்காளிகள் சேர்ந்து ஒரு காவலாளியை வைத்துப் பராமரிக்கப்பட்டு, கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும் திறக்கப்படுகின்றன. இந்தக் கடைசி வகையைப் பார்க்கும்போது மனது நிறைகிறது. அவர்கள் காப்பாற்றுவது ஒரு கட்டடத்தை மட்டும் இல்லை.

போர்ஷனிலிருந்து பிளாட்டுக்கு

பெரிய வீடு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சென்னைக்கு வந்த குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் இருந்தார்கள். ஒரு நீண்ட வீட்டை ஐந்தாறு போர்ஷனாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். கிணறும் கழிப்பறையும் பொது. கல்யாணமாகாத ஆண்களுக்கு மேன்ஷன் என்ற தங்கும் விடுதி. ஊரிலிருந்த நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, தம்பி சம்பளத்துக்கு வந்த காலம் அது. சம்பளம் தனியாள் கையில் கிடைக்கத் தொடங்கியதும் குடும்பத்தின் அதிகாரம் நகர்ந்தது. நிலம் சேர்ந்திருந்தால்தான் லாபம், அதனால் அப்பாவின் சொல் நின்றது. சம்பளத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தனிக்குடித்தனம் பரவியதற்கு மனமாற்றத்தைவிட இந்த வருமான மாற்றம் பெரிய காரணம்.

அடுத்த பெரிய திருப்பம் வீட்டுக் கடன். 1970கள் வரை சம்பளக்காரர் ஒருவர் சொந்த வீடு கட்டினால் அது பெரும்பாலும் ஓய்வுபெறும் சமயத்தில்தான். பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, மனைவியின் நகை எல்லாம் சேர்த்துக் கட்டுவார்கள். வீட்டு வசதி வாரியத்தில் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. 1977இல் ஹெச்.டி.எஃப்.சி. என்ற வீட்டுக் கடன் நிறுவனம் தொடங்கப்பட்டு, தனிநபருக்கு நீண்டகால வீட்டுக் கடன் என்பது பழக்கத்துக்கு வந்தது. 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. 1990களுக்குப் பிறகு வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு கடன் கொடுத்தன. 58 வயதில் வாங்கிய வீட்டை 32 வயதில் வாங்க முடிந்தது.

இது நல்லதுதான். ஆனால் இதன் கணக்கைக் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 40 லட்ச ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 83 லட்சத்துக்கும் மேல். இந்தத் தவணையை ஒரு சம்பளத்தில் கட்டுவது பெரும்பாலானவர்களுக்கு முடியாது. கணவன் மனைவி இருவரின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டித்தான் கடன் வாங்குகிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து மனைவியின் வேலை அவருடைய விருப்பமாக மட்டும் இருப்பதில்லை. தவணையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. இரண்டாவது குழந்தை வேண்டுமா, வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருக்கலாமா என்ற பேச்செல்லாம் 20 வருடக் கடனுக்கு உள்ளேதான் நடக்கிறது.

சரி, இருவரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? பெண்ணின் அம்மாவோ பையனின் அம்மாவோ ஊரிலிருந்து வருகிறார்கள். தாத்தா ஊரிலேயே இருக்கிறார். தோட்டம் இருக்கிறது, மாடு இருக்கிறது, வீட்டைப் பூட்டிவிட்டு வர மனமில்லை. 40 வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி, பேரக்குழந்தைக்காக இரண்டு ஊரில் இரண்டு அடுப்பில் வாழ்கிறார்கள். அவர் அங்கே ஒற்றை ஆளாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறார். பாட்டி இங்கே இரண்டு படுக்கையறை பிளாட்டின் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். கணக்கெடுப்பில் இது ஊரில் ஒரு தனியாள் குடும்பம், நகரத்தில் நான்கு பேர் குடும்பம் என்று பதிவாகும். கூட்டுக்குடும்பம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் இந்தப் பாட்டிகளின் உழைப்பைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். சேர்ந்து வாழ்தல் போகவில்லை. அதன் சுமை வயதான பெண்களின் தோளில் ஏறியிருக்கிறது, அவர்களுக்கென்று ஓர் அறைகூட இல்லாத வீடுகளில்.

மகளின் பங்கு

வீட்டின் கதையை மாற்றியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் மூலம் சொன்னது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, கல்யாணமானவர்கள் உட்பட எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தது. அப்பா 2005இல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும் வரை பெண் வாரிசு தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது என்று சொல்லியிருந்தது. நிலத்தில் பங்கு கேட்கலாம், வீட்டில் கேட்கக் கூடாது. 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இதற்குப் பிறகும் எத்தனையோ வீடுகளில் தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. 'கேட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும்' என்ற பயத்தில் அவர்களும் போட்டுக் கொடுக்கிறார்கள். சட்டம் மாறுவதைவிட மெதுவாகத்தான் வீட்டுக்குள் பேச்சு மாறுகிறது.

வீடு இல்லையா, அறை இல்லையா?

மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு ஒன்று, பொருளாதார அறிஞர் அமிதாப் குண்டு தலைமையில், 2012இல் இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. இதைக் கேட்டதும் தெருவில் படுத்திருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தக் கணக்கில் வீடற்றவர்கள் 5 லட்சம் குடும்பங்களைச் சற்றே தாண்டுகிறார்கள். 1.5 கோடிக் குடும்பங்கள், அதாவது ஐந்தில் நான்கு, நெருக்கடியில் இருப்பவை. நெருக்கடி என்பதற்கு அந்தக் குழு வைத்த அடையாளம், கல்யாணமான ஒரு தம்பதிக்கு வீட்டுக்குள் தனியாக ஓர் அறை இல்லாமல் இருப்பது. பற்றாக்குறையில் 95 சதவீதம் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் உரியது.

இந்த அளவுகோலை நான் மிகவும் மதிக்கிறேன். ஓர் அரசுக் குழு, வீட்டுப் பற்றாக்குறையைத் தலைகளை எண்ணிச் சொல்லாமல், புதிதாகக் கல்யாணமானவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் அறைகள் எத்தனை, திருமணமான தம்பதிகள் எத்தனை என்று இரண்டு கேள்வி கேட்பதன் பொருளும் இதுதான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஆளில்லாமல் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்தவை, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள், வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயத்தில் விடாதவை. கட்டிய வீடு ஒரு பக்கம், தேவைப்படும் அடுப்பு இன்னொரு பக்கம். விலைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூடவே சாதியும் மதமும், தனியாக வாழும் பெண்களுக்கு வீடு தர மறுக்கும் பழக்கமும் நிற்கின்றன. அட்வான்ஸ் பணமும் ஒரு சுவர். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இடைவெளியில்தான் சென்னையின் பழைய 10 மாத அட்வான்ஸ் இன்னமும் பிழைத்திருக்கிறது.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கட்டிக் கொடுத்த வீடுகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஆற்றங்கரைக் குடிசை பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. 2015 வெள்ளம் அதைத் தெளிவாகவே காட்டியது. ஆனால் குடிசைக்கு ஒரு குணம் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம். கடை போடலாம். அங்கிருந்து அகற்றப்பட்டவர்களுக்குச் சென்னையின் தெற்கு ஓரத்தில், பெரும்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் கொடுத்த வீட்டை அப்படி நீட்ட முடியாது. கொடுத்த நாளில் நான்கு பேர். 15 வருடத்தில் மகன், மருமகள், பேரன் என்று ஏழு பேர். வீடு அதே அளவு. வேலை இருந்த இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போனதால், பக்கத்துத் தெருக்களில் நடந்தே போய் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் வருமானத்தை இழந்தார்கள். வீடு கிடைத்தது, அடுப்பு அணைந்தது என்று சொல்லும் நிலை பல குடும்பங்களுக்கு வந்தது.

இதே சென்னையில் வேறு வழியும் ஒரு காலத்தில் முயன்று பார்க்கப்பட்டது. 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு மனைகள் கொடுத்தார்கள். தண்ணீர், கழிவுநீர்க் குழாய், சாலை, சிலவற்றில் ஓர் அடிப்படை அறை. மிச்சத்தை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ள வேண்டும். காசு வந்தபோது ஓர் அறை, மகன் கல்யாணத்தின்போது ஒரு மாடி என்று அந்த வீடுகள் குடும்பத்தோடு சேர்ந்தே வளர்ந்தன. மாடியை வாடகைக்கு விட்டு வருமானம் பார்த்தவர்களும் உண்டு. நிலத்தின் விலை ஏறிவிட்ட இன்றைய நகரத்தில் இது எளிதில்லை என்பது தெரியும். இருந்தாலும், வளர இடம் கொடுத்த அந்த யோசனையை நாம் இவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

தொழில் மாறும்போது புது வகை வீடுகளும் வருகின்றன. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சின்ன ஊரின் மக்கள்தொகையே ஒரே வளாகத்தில். கிராமத்துப் பெண் கல்யாணத்துக்கு முன்பே வீட்டைவிட்டு வெளியே தங்கி, தன் பெயரில் சம்பளம் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்புவது நம் அம்மாக்கள் காலத்தில் அரிது. அந்தப் பணத்தில் ஊர் வீட்டுக்குத் தளம் போடப்படுகிறது, தம்பி படிக்கிறான். அவளுக்கென்று நகரத்தில் ஓர் அடுப்பு மட்டும் இன்னும் இல்லை, விடுதிச் சாப்பாடுதான். விடுதிக் கட்டில் ஒரு தொடக்கம் என்றே நான் பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையில் நீடிக்க விரும்பும் பெண்ணுக்கு ஆலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு கிடைக்காவிட்டால், அவள் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு

பிள்ளைகள் வெளியூரில், பெரிய வீட்டில் இரண்டே பேர், அல்லது ஒருவர். தமிழ்நாட்டில் 2011லேயே 10 பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இந்த நிலையில் வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டு, 'கடைசிவரை பார்த்துக்கொள்வான்' என்று வாய்ப்பேச்சில் நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். முன்பு நிலமும் வீடும் அப்பா கையில் கடைசிவரை இருந்ததால் பராமரிப்பும் கிடைத்தது. இப்போது பத்திரம் முதலில் போய்விடுகிறது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்துசெய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு நன்மை தரும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று காத்திருக்காமல், பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சாப்பாடு, மருத்துவம், அந்த வீட்டிலேயே ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை ஆகிய மூன்றையும் வரிவரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் 'அதெல்லாம் எதுக்குங்க, சொந்தப் பிள்ளைதானே' என்று சொன்னாலும் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரமில்லை என்றால் செட்டில்மெண்டுக்குப் பதிலாக உயில் எழுதலாம். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.